அத்தை இன்னும் சறுக்கவில்லை

மார்ச் 4, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று ஈ ஓட்டினோம். ஒரு படிக்கும் கண்ணாடி, ஒரு மூக்குத்தாங்கி மாற்றல், அவ்வளவுதான். முதலாளி சீக்கிரமே ஷட்டரை இறக்கச் சொல்லிவிட்டார். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்ததில் அத்தைக்கு ஏக சந்தோஷம். மருமகளைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்தால் நான்தான் ஏமாளி. ஒரு ஆட்டம் கூடுதலாகக் கிடைக்குமே என்ற சந்தோஷம். நான் கை கழுவி வருவதற்குள் சாப்பாட்டு மேசையில் கோ பலகையைப் போட்டு, கறுப்புக் கல் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டார். கட்டம் போட்ட பலகையில் ஆளுக்கொரு கல்லாக மாற்றி மாற்றி வைத்து இடம் வளைக்கிற ஆட்டம் கோ.

இந்த வினையை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்தான். பஸ் டிப்போ வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் அத்தை காலை முறித்துக்கொண்டு படுத்தார். படுத்தபடியே சமையலறையை மேற்பார்வை பார்த்தார். டிரைவர்களை அதட்டிப் பழகிய குரல் அது. தாங்க முடியாமல் ஒரு பலகையையும் இரண்டு கிண்ணம் கல்லையும் கொடுத்து உட்கார வைத்தேன். கால் சரியாகிவிட்டது; ஆட்டம் நிற்கவில்லை. "எல்லா வீட்டுலயும் மாமியார் மருமகள் வாயால அடிச்சுக்குவாங்க. நம்ம வீட்டுல கல்லால அடிச்சுக்கறீங்க" என்பாள் என் மகள், பாப்பா.

எனக்கு மூலைப் பாடங்கள் என்றால் உயிர். மூலையில் இரண்டு பக்கமும் பலகையின் ஓரம் இருப்பதால் கொஞ்சம் கல்லிலேயே இடம் வளைத்துவிடலாம். அதனால் ஆட்டம் அங்கேதான் தொடங்கும். இவள் இங்கே வைத்தால் அவள் அங்கே வைக்க வேண்டும் என்று காலங்காலமாக ஆடியவர்கள் தேய்த்துத் தேய்த்துச் சரி பண்ணி வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் புத்தகத்தைப் பார்த்து வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டவள் நான். புத்தகம் முடிகிற இடத்தில் என் வீரமும் முடிந்துவிடும். அத்தையின் இரண்டு கல்லுக்கு நடுவே புகுந்து தொடர்பை வெட்ட வேண்டிய நேரத்தில், என் கல்லோடு இன்னொரு கல்லை ஒட்டிச் சேர்த்து வைத்துவிட்டு மூச்சு விடுவேன். அத்தை அதற்குப் பயந்தாங்கொள்ளிக் கல் என்று பெயர் வைத்திருக்கிறார். அவர் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார்.

இன்று நடந்தது வேறு. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் பாடம், கண்ணைக் கட்டிவிட்டாலும் வைப்பேன். என் கல் மூலையில் இருக்கும். அத்தை ஒரு பக்கமாக நெருங்குவார். நான் மறுபக்கம் விலகி ஒரு கல் வைப்பேன். அவர் அடிவழியாக மூலைக்குள் சறுக்குவார். நான் மூலையை அடைப்பேன். அவர் பக்கவாட்டில் கால் நீட்டிக்கொள்வார். இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை.

இன்று அத்தை நெருங்கினார். நான் விலகினேன். அவர் சறுக்கினார். நான் அடைத்தேன்.

அத்தை பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் இன்னும் சறுக்கவே இல்லையேம்மா."

பார்த்தால் அந்தக் கல் இல்லை. அவர் விரலில்தான் இருந்தது. அவர் வைத்ததை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். கல் மரத்தில் தட்டிய சத்தம்கூடக் கேட்டது.

வைத்த கல்லைத் திருப்பி எடுக்க விடுகிற ஆள் இல்லை அத்தை. "எடுத்துக்கோ" என்றார். அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 6, வியாழன்

தூக்கம் போதவில்லை. அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

மறுபடியும். இந்தத் தடவை கடையில்.

ஒரு வாத்தியாருக்குப் புதுக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்தைப் படிக்கச் சொல்ல வேண்டும். எந்தக் கண்? எது என்று எனக்குத் தெரியும். அதற்குரிய சொல் நாக்கு நுனிக்குக்கூட வரவில்லை. அதற்கு முன்னால் எங்கேயோ நின்றுவிட்டது. "இந்த... இந்தக் கண்ணு..." என்று கையை ஆட்டினேன். "இடதா?" என்று கேட்டார் பாவம். தலையாட்டினேன். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல். அவர் போகும்வரை சிரித்துக்கொண்டே நின்றேன்.

அந்த நேரத்தில் ரப்பர் கருகுகிற வாடை வேறு. லென்ஸ் தேய்க்கிற மெஷின்தான் சூடாகிவிட்டது என்று நினைத்து முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மெஷினுக்கு இன்று மின்சாரமே போடவில்லையாம்.

வீட்டுக்காரரிடம் சொல்லலாமா? சொன்னால் மனுஷன் அன்றைக்கே பாதியாகிவிடுவார். வேலையோ மின்கம்பத்தில் ஏறுகிற வேலை. மேலே நின்றுகொண்டு என்னை நினைத்துக்கொண்டிருந்தால்? வேண்டாம். இப்போது வேண்டாம்.

மார்ச் 14, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டால் உண்மையாகிவிடும்.

பாப்பா விடுதியிலிருந்து போன் பண்ணினாள். அறைத்தோழியின் குறட்டை, சோதனைக்கூடத்தில் உடைந்த கண்ணாடிக்குழல், யாரோ ஒருத்தியின் காதல் என்று தொணதொணவென்று பேசினாள். நடுவில் அவளை அதட்டுவதற்காகப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

பேர் இல்லை.

நான் பெத்த பிள்ளை. நான் வெச்ச பேர். எல்லாரும் வேற பேர் சொன்னப்போ சண்டை போட்டு நான் வெச்ச பேர். அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. வெறும் சுவர்.

"சொல்லும்மா" என்றாள். "பாப்பா" என்றேன். வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம் என்பதால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டுக் குத்துக்கல் மாதிரி நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, எங்கேயோ போய்விட்டு வருவது போலப் பெயர் தானாக வந்தது. வந்ததும் அழுகை வந்தது.

அத்தை சமையலறை வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

"பேரு வரலை, இல்ல?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சறுக்குறதுக்கு முன்னாடியே அடைச்ச பாரு, அன்னிலேர்ந்து உன்னைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். நீ எதை வேணும்னாலும் மறப்ப. மூலைப் பாடத்தை மறக்க மாட்ட. நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போறோம். அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவன் என்றது தன் மகனை. சொல்லியும் விட்டார். இவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இடது காதுக்கு மேலே, உள்ளே. நெல்லிக்காய் அளவு.

டாக்டர் படத்தைச் சுவரில் வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். எனக்கு அது யாருடைய தலையோ என்று இருந்தது. "இது ஏற்கெனவே நடந்துடுச்சேன்னு அடிக்கடி தோணுதா? இல்லாத வாடை வருதா?" என்று கேட்டார். அத்தையின் சறுக்கல் கல்லைச் சொன்னேன். அது சின்ன வலிப்பாம். கை கால் இழுக்காத வலிப்பு. நடக்காததை நடந்ததாகக் காட்டுமாம்.

கட்டியை எடுத்துவிடலாம் என்றார். ஆனால் பேச்சு இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறதாம். அதனால் தலையைத் திறந்தபிறகு என்னை எழுப்பிவிடுவார்களாம். நான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். எந்த இடத்தைத் தொட்டால் என் பேச்சு நிற்கிறதோ அந்த இடத்தை விட்டுவிடுவார்கள்.

முழிச்சிருக்கணுமா? தலை திறந்திருக்கும்போதா? என்று இவர் கேட்டார். நான் கேட்கவில்லை. டாக்டரின் சட்டைப்பையில் இருந்த பேனாவின் மூடி சரியாக மூடவில்லை, மை கசிந்துவிடுமே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19, புதன்

செத்துப்போவது இரண்டாவது பயம்தான். முதல் பயம், உயிரோடு இருந்து நான் இல்லாமல் போவது.

மார்ச் 22, சனி

பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாவைப் பார்த்தேன். என்னைவிடச் சின்னவள். கை நிறையப் பட அட்டைகள். குடை, ஏணி, முயல். நான் பேர் சொல்ல வேண்டும். மனதுக்குள் படக்காரம்மா என்று பேர் வைத்துவிட்டேன். தலையைத் திறந்திருக்கும்போது எனக்கு எதிரே உட்கார்ந்து இதே மாதிரி காட்டப்போவது அவள்தான்.

முயல் சட்டென்று வந்தது. ஏணிக்குத் தடுமாறினேன். மின்சாரக்காரர் பெண்டாட்டிக்கு ஏணி வரவில்லை, போங்கள்.

படத்தோடு வேறு சிலவும் வைத்துக்கொள்வோம் என்றாள். நான் தினமும் செய்கிற, யோசிக்காமலே வருகிற ஏதாவது. பாட்டுப் பாடுவீங்களா, பின்னுவீங்களா என்று கேட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்: கோ ஆட்டத்தின் மூலைப் பாடங்கள் என்று சொன்னேன். அவளுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. மேசைமேல் மாத்திரைகளை வைத்துக் காட்டினேன். இங்கே நெருங்கினால் இங்கே விலகணும், இங்கே சறுக்கினால் இங்கே அடைக்கணும். அவள் முகம் மலர்ந்துவிட்டது. மூலையின் படத்தை அட்டையில் அச்சடிக்கலாம், அடுத்த கல் எங்கே என்று நீங்கள் வாயால் சொல்லலாம் என்றாள். பேச்சுக்குப் பேச்சு, கணக்குக்குக் கணக்கு.

வீட்டுக்கு வந்து அட்டைகளுக்கான படங்களை வரைந்தேன். கொஞ்சம் தைரியம் வந்த மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்ததைத்தானே கேட்கப்போகிறார்கள்.

மார்ச் 25, செவ்வாய்

அந்தத் தைரியத்துக்கு அத்தை தீ வைத்துவிட்டார்.

கூடவே வருவேன் என்று பிடிவாதம் பிடித்து வந்தார். டாக்டரும் இருந்தார், படக்காரம்மாவும் இருந்தாள். அச்சடித்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, டிப்போவில் தாமதமாக வந்த டிரைவரைப் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தார்.

"இதெல்லாம் இவ தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. உருப்போட்டது. வாய் தானா சொல்லிடும். உள்ள இவ இருக்காளா இல்லையான்னு இதுல எப்படித் தெரியும்?"

எனக்கு மானம் போயிற்று. ஆனால் படக்காரம்மா கோபப்படவில்லை. தானும் அதற்காகத்தான் புதிதாக யோசித்து வாக்கியம் அமைக்கிற கேள்விகளைத் தனியாக வைத்திருப்பதாகச் சொன்னாள். உருப்போட்டது ஒரு பாதையில் வருமாம், அப்போது யோசிப்பது இன்னொரு பாதையில். இரண்டையும் பார்த்துக்கொண்டே போவார்களாம். "ஆட்டத்துலயும் அப்படி ஒண்ணு கொடுங்களேன். அவங்க பார்க்காததா" என்று அத்தையிடமே கேட்டுவிட்டாள். டாக்டரும் சரி என்றார். அத்தை படக்காரம்மாவைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய் ஏதோ பேசினார். சன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். விரலால் மேசையில் குத்திக் குத்திச் சொன்னார்.

ஆக, எனக்குத் தெரியாத ஒரு அட்டை இப்போது அந்தக் கட்டில் இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "புத்தகத்துல இல்லாததை நான் எப்பவுமே தப்பாத்தானே வைப்பேன், அத்தை? எனக்கு முன்னாடியே தெரியாததுக்கும், இப்ப தெரியாமப் போனதுக்கும் அவங்க எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பாங்க? தப்பாச் சொன்னா, மூளை போச்சுன்னு பாதியில மூடிடுவாங்களே. மிச்சக் கட்டி உள்ளேயே இருக்குமே."

"அதை நான் பார்த்துக்கிட்டேன்."

"என்ன பார்த்துக்கிட்டீங்க?"

சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்படியே பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

பாப்பா வந்துவிட்டாள். மறைத்ததற்கு எல்லாரிடமும் சண்டை போட்டுவிட்டு என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். மனதுக்குள் அவள் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இருக்கிறது. இப்போதும் இருக்கிறது. ரொம்பத் தொட்டால் தேய்ந்துவிடுமோ என்றும் பயம்.

கடையில் விடுப்பு சொல்லிவிட்டு வந்தேன். முதலாளி எப்போதும் என்னைக் கடிப்பவர், "மெதுவா வாங்க" என்று மட்டும் சொல்லி மென்று முழுங்கினார். என் சின்னத் திருப்புளியைத் துடைத்து உறையில் போட்டு வைத்தேன். திரும்பி வந்தால் அது எதற்கு என்று தெரியுமா?

மார்ச் 30, ஞாயிறு

அத்தையிடம் கத்திவிட்டேன்.

மாலை முழுக்கப் பழைய புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எந்த நிலையைக் கொடுத்திருப்பார் என்று கண்டுபிடிக்கத்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் நூறு கிளை. எதைப் படிப்பது? கண் எரிந்தது. அத்தை வந்து புத்தகத்தை மூடி மேலே வைத்தார். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது. உங்களுக்கு இதுவும் ஒரு ஆட்டம்தானே, என் தலையை வெச்சு விளையாடுறீங்க, ஜெயிக்கணும்னா ஜெயிச்சுட்டுப் போங்க, எனக்கு என் பிள்ளை பேர் வேணும், எனக்குப் பேச வாய் வேணும் என்று கத்தினேன். இவர் ஓடி வந்தார். பாப்பா அழுதாள்.

திட்டினால் திருப்பிக் கொடுக்கிற அத்தை கிட்டே வந்தார். என் தலையில் கை வைத்தார், இடது பக்கம், காதுக்கு மேலே. அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அவருக்கும் பயம். இத்தனை நாள் எனக்கு அது தோன்றவே இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஆஸ்பத்திரி. கட்டில் சன்னலோரம். கீழே வண்டி நிறுத்துமிடம், ஒருவர் தன் காரைக் கண்டுபிடிக்க முடியாமல் வரிசை வரிசையாக நடக்கிறார்.

நாளை காலை. முடியைப் பாதி மழித்துவிட்டார்கள். பாப்பா அழகாக இருக்கிறது என்று பொய் சொன்னாள்.

பயமாக இருக்கிறது. எத்தனை தடவை எழுதினாலும் குறையவில்லை. பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுத முடிகிறது.

மெதுவாக. சில சொல் வர — நேரம் ஆகிறது. வராவிட்டால் கோடு போட்டுவிட்டுப் போகிறேன்.

பெயர் இருக்கிறது. முதலில் அதைத்தான் பார்த்தேன். கண் திறந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பாப்பா ஓடி வந்தாள். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஏப்ரல் 9, புதன்

உள்ளே நடந்தது துண்டு துண்டாக ஞாபகம் இருக்கிறது. மறப்பதற்குள் எழுதுகிறேன்.

தலையை ஏதோ இறுக்கிப் பிடித்திருந்தது, அசைக்க முடியாது. நீலத் துணிக் கூடாரம். அதற்குள் படக்காரம்மாவின் முகம், முகமூடிக்கு மேலே கண் மட்டும். வலி இல்லை. பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற மாதிரிச் சின்னச் சின்னச் சத்தம். அது என் தலைக்குள் நடக்கிறது என்று நினைத்ததும் மூச்சு முட்டியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குடை, முயல், ஏணி. ஏணி வந்தது!

பிறகு மூலைகள். அடைக்கிறேன், விலகறேன், அடைக்கிறேன். சரி, சரி, சரி. அதன்பின் முதல் பாடத்தின் அட்டை வந்தது. நெருங்கியாயிற்று, விலகியாயிற்று, சறுக்கியாயிற்று. அடுத்த கல்?

தெரியவில்லை. வாய் அடைத்துப்போன மாதிரி இல்லை. அந்தப் பாடமே இல்லை. கண்ணைக் கட்டினாலும் வைப்பேன் என்றேனே, அந்தப் பாடம். படக்காரம்மா "நிறுத்துங்க டாக்டர்" என்றாள். பின்னால் சத்தம் நின்றது. எடுத்துவிட்டு மறுபடி காட்டினாள். மறுபடியும் இல்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வடிந்தது, துடைக்கக் கை வரவில்லை.

அடுத்து அவள் எடுத்தது அத்தையின் அட்டை. பார்த்ததுமே தெரிந்தது. இவ்வளவு கோணல்மாணலாக உலகத்தில் வேறு யாரும் கல் வைக்க மாட்டார்கள்.

பார்த்தேன். நடுவில் புகுந்து வெட்டலாம் என்று தெரிந்தது. வெட்டினால் அப்புறம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. தலை திறந்து கிடக்கிற நேரத்தில் எனக்கு எதற்கு வீரம்? "சேர்க்கிறேன்" என்றேன்.

சொன்ன நொடியே தப்பு என்று தெரிந்துவிட்டது. வெட்டுதான் விடை. போச்சு, மூடிவிடுவார்கள், எல்லாம் போச்சு. படக்காரம்மா என்னையே பார்த்தாள். அவள் கண் சுருங்கியது. சிரிக்கிற கண்.

"சரியா இருக்கு டாக்டர். போகலாம்."

பின்னால் சத்தம் மறுபடி தொடங்கியது.

ஏன் சரி என்றாள்? நான் பயந்துவிடக் கூடாது என்று பொய் சொன்னாளா? என்னிடம் பொய் சொல்லி, எடுக்கக் கூடாததை எடுத்துவிட்டார்களா? ஒரு பாடம் போயிற்று. இன்னும் என்னென்ன போயிருக்கிறது? போனது எது என்று போனவளுக்கே எப்படித் தெரியும்?

ஏப்ரல் 10, வியாழன்

இவர் முகத்தையும் பாப்பா முகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நான் பேசும்போது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களா? கேட்டால் நல்லா இருக்கே என்கிறார்கள். நல்லா இல்லாவிட்டாலும் அதைத்தானே சொல்வார்கள்.

ஏப்ரல் 12, சனி

படக்காரம்மா சோதனைக்கு வந்தாள். கேட்டுவிட்டேன். அந்தக் கடைசி அட்டைக்கு நான் சொன்னது தப்புத்தானே, ஏன் சரி என்றீர்கள்?

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தப்புதான். உங்க அத்தை என்ன சொல்லிக் கொடுத்தாங்க தெரியுமா? 'இந்த இடத்துல வெட்டணும். ஆனா இவ வெட்ட மாட்டா. பயந்துக்கிட்டு இந்தப் புள்ளியில ஒட்டிச் சேர்ப்பா. வெட்டறேன்னு சொன்னா நிறுத்துங்க, அது இவ இல்ல. சேர்க்கிறேன்னு சொன்னா நிம்மதியா மேல போங்க, அது எங்க வீட்டுப் பொண்ணுதான்.'"

சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது. வலியில் அழுதேன், அழுகை வலியோடு நிற்கவில்லை.

அந்த ஒரு அட்டையை மட்டும் வைத்து முடிவெடுக்கவில்லை, மற்றக் கேள்விகளும் சரியாக இருந்தன என்றும் சொன்னாள். பாடம் மறந்த இடத்தை டாக்டர் தொடாமல் விட்டுவிட்டார். அதில் துளி மிச்சம் இருக்கிறது. வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி இருந்துவிட்டுப் போகட்டும், நாம் கண்காணித்துக்கொண்டே இருப்போம் என்றாராம் டாக்டர்.

மாலை அத்தை வந்தார். தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு, சூப்பில் உப்பு இல்லை என்று நர்ஸோடு சண்டைக்குப் போனார்.

ஏப்ரல் 24, வியாழன்

சோதனை முடிவு வந்தது. மெதுவாக வளர்கிற வகை. வருஷக்கணக்கில் வளராமலும் இருக்கலாமாம். ஒவ்வொரு நான்கு மாதமும் படம் எடுக்க வேண்டும். போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அது இதுதான். முழுசாக வரவில்லை. நான்கு மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் போய் வரும் போலிருக்கிறது.

மே 11, ஞாயிறு

பலகையை நானே எடுத்து மேசையில் போட்டேன். அத்தை ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்தார். கறுப்புக் கிண்ணம் என் பக்கம்.

அத்தை நெருங்கினார். நான் — விலகினேன், அது வந்தது. காத்திருந்தேன். அவர் சறுக்கும்வரை என் கையை மடியிலேயே வைத்திருந்தேன். சறுக்கினார். அவர் விரல் கல்லை விட்டுவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்தேன். தொட்டும் பார்த்தேன். அத்தை திட்டவில்லை.

அடுத்தது எங்கே என்று தெரியவில்லை. பாடம் போனது போனதுதான். யோசித்தேன். இங்கே விட்டால் அத்தை உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார். அங்கே வைத்தால் என் கல்லுக்கு மூச்சுவிட இடம் இருக்காது. டீ ஆறிப்போயிற்று. கடைசியில் மூலையில் மூன்றாவது கோடும் மூன்றாவது கோடும் சேர்கிற இடத்தில் வைத்தேன்.

"அடைச்சுட்டா" என்றார் அத்தை, உள்ளே இருந்த தன் மகனுக்குக் கேட்கிற மாதிரி.

இருபது வருஷமாக அங்கே கல் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஏன் அங்கே என்று இன்றுதான் எனக்குத் தெரியும்.

மே 26, திங்கள்

கடைக்குப் போனேன். பாதி நாள் மட்டும். திருப்புளி எதற்கு என்று தெரிந்தது. "இடது" வந்தது. கண்ணாடிப் பவரில் சொல்கிற "சிலிண்டர்" வர நேரமாயிற்று. முதலாளி பொறுமையாக நிற்க முயன்றதைப் பார்க்க வேண்டுமே. திரும்பும்போது பஸ்ஸில் ஒரு கருகிய வாடை. உடம்பெல்லாம் சில்லிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன், உங்களுக்கும் வருதா? வருதுங்க, பிரேக் தேயுது என்றார். அவருக்குக் கோயில் கட்டலாம்.

ஜூன் 15, ஞாயிறு

பாப்பா விடுமுறைக்கு வந்திருக்கிறாள். இவர் ஏணியைச் சாத்தி வீட்டுச் சன்னலுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். நானும் அத்தையும் உட்கார்ந்தோம்.

ஆட்டம் நடுவில் முற்றிவிட்டது. அத்தையின் கல் ஒன்று என் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. என் கை வழக்கம்போலச் சேர்க்கப் போனது. கல்லை விரலில் வைத்துக்கொண்டு பார்த்தேன். சேர்த்தால் பிழைப்பேன், இடம் எல்லாம் அத்தைக்குப் போய்விடும். வெட்டினால்? அவர் இப்படி வருவார், நான் இப்படிப் போவேன், அவர் அங்கே வருவார், பிறகு இருட்டு. அதற்கப்பால் எனக்குத் தெரியவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. அடித்துக்கொண்டிருக்கும்போதே வெட்டினேன்.

அத்தை பதில் வைக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் முகத்தில் ரத்தமே இல்லை. பலகையைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு கண் மாற்றி ஒரு கண். உள்ளே யாரையோ தேடுகிற மாதிரி. கையில் இருந்த வெள்ளைக் கல் கிண்ணத்துக்குள் நழுவிற்று.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. வெட்டறேன்னு சொன்னா நிறுத்துங்க, அது இவ இல்ல.

அவர் கையைப் பிடித்தேன்.

"நான்தான் அத்தை" என்றேன். "யோசிச்சுத்தான் வெட்டினேன். பயந்துக்கிட்டேதான் வெட்டினேன்."

அத்தை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து "ஏம்மா" தவிர அவர் என்னை வேறு எப்படியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"சொல்லுங்க அத்தை" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். கிண்ணத்திலிருந்து கல்லை எடுத்து, பலகை அதிர ஓங்கி வைத்தார். ஏணிமேல் இருந்து இவர் என்ன சத்தம் என்று கேட்டார்.

தோற்றேன். கொஞ்சம் கல் வித்தியாசத்தில்தான்.